நாலரை இஞ்ச்

அத்தியாயம் 11

ஒரு மடக்குத் தண்ணீரின் விலை ஒரு ஜோடி நல்ல தோல் செருப்பு.

தையல்காரி அந்தக் கணக்கைக் காலை ஒன்பது மணிக்கே போட்டு முடித்துவிட்டாள். உணவுக்குழாயின் அழுத்தம் பார்க்கிற பிரஷர் டெஸ்ட்டுக்குக் கவுண்டரில் கட்டிய தொகையைப் பத்தால் வகுத்தாள். நோயாளி விழுங்க வேண்டியது பத்து மடக்கு. அத்தனையும் விழுங்கி முடித்தால் ஒரு குடும்பம் பத்து வருஷம் நடக்கிற அளவுக்குச் செருப்பு தீர்ந்திருக்கும்.

"பேரம் பேசிப் பாத்தியா?" என்று மகளைக் கேட்டாள்.

"தண்ணிக்கா?"

"தண்ணிய எவன் கேட்டான்? உள்ள விடற குழாய்க்கு."

"பேசினேம்மா. ஒரு பைசா குறையாதாம். வேணும்னா பதினோராவது மடக்கு கொசுறாத் தராங்களாம்."

வேறொரு நாளாக இருந்தால் தையல்காரி சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது. மடியில் இருந்த பேண்ட்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அது அவள் புருஷனுடையது. உள்ளே அவருக்கு ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிவிட்டு இதை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மகளுக்குக் கூரியர் ஆபீசில் வேலை. அரை நாள் லீவு என்று பேர்தானே தவிர போன் ஓயவில்லை. "பூட்டியிருந்தா பக்கத்து வீட்ல குடு. பக்கத்து வீடும் பூட்டியிருந்தா நீ திரும்பி வா, அங்கேயே குடித்தனம் பண்ணாத" என்று யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த மூன்று பேரும் இந்த வராந்தாவுக்கு வந்து சேர்ந்த கதையைப் போன வாரம் தவறவிட்டவர்களுக்காக நாலு வரியில் சொல்லிவிடலாம்.

வீட்டுத் தலைவர் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்ப்பவர். ஒரு நாளைக்கு முன்னூறு கோப்பை. சத்தமாக உறிஞ்சுவார், வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றுவார், பக்கத்திலிருக்கும் தொட்டியில் துப்புவார், விலை சொல்வார். அவர் சொன்ன விலைக்குச் சரக்கு கைமாறும். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. சந்தையில் அவருக்கு நாக்குக்காரர் என்று பேர். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சம்.

அப்பா மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க மகள் ஒரு மத்தியானம் கம்பெனிக்குப் போனாள். ருசி பார்க்கும் அறையில் அவர் தனியாகத் தொட்டியின் மேல் குனிந்திருந்தார். வந்தது தேநீர் இல்லை, ரொட்டி. மென்றது மென்றபடியே வந்துகொண்டிருந்தது. துப்புவதற்கென்றே கட்டிய அறையில் ஒருவர் எதைத் துப்புகிறார் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

மகள் அவரை அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துப்போனாள். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இல்லை. ஆனால் முதல் நாள் காலையில் போட்ட மாத்திரை உணவுக்குழாயின் அடியில் முழுசாக உட்கார்ந்திருந்தது. அரிசி நுனி அளவில் நாலு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"எத்தனை நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கு, "ரெண்டு மாசமா" என்றார் நாக்குக்காரர்.

தையல்காரியும் தலையாட்டினாள். ரெண்டு மாசம் என்பது அவள் கணக்குக்கும் சரியாகத்தான் வந்தது. அவள் அவருக்குச் சமைப்பதை நிறுத்தியும் ரெண்டு மாசம்.

அதற்குக் காரணம் உப்பு.

ரெண்டு வருஷமாக அவர் தட்டின் முன்னால் உட்காருவார், நாலு வாய் சாப்பிடுவார், "உப்பு கூட" என்று எழுந்துவிடுவார். சந்தையே மறுபேச்சுப் பேசாத நாக்கு. தையல்காரி மட்டும் என்ன செய்வாள்? உப்பைப் பாதியாக்கினாள். காலாக்கினாள். மகள் உப்பு டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு சாப்பிட உட்காருகிற அளவுக்குப் போயிற்று. சாப்பாட்டைக் குழைய விட்டாள், மசித்தாள், வடிகட்டினாள். கடைசியாக ஒருநாள் ஒரு கல் உப்புக்கூடப் போடாமல் சமைத்து வைத்தாள். அவர் ரெண்டு வாய் சாப்பிட்டார். முகம் சுருங்கியது. "உப்பு கூட" என்று எழுந்தார்.

அன்றைக்கு அவளுக்கு விளங்கிவிட்டது. கூடுதலாக இருந்தது உப்பு இல்லை, தான்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த நாளிலிருந்து அவளுக்கும் மகளுக்கும் மட்டும் உலை வைத்தாள்.

ஆனால் அவர் பேண்ட்டுகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. சமையல் வீட்டு விவகாரம், தையல் தொழில். தொழிலில் கோபத்தைக் காட்டினால் கடை நிற்காது.

கதவு திறந்தது. டெஸ்ட் எடுக்கிற அம்மாள் தலையை நீட்டினாள். மகள் காலையிலேயே அவளுக்குக் குழாயம்மா என்று பேர் வைத்திருந்தாள்.

"அவர் வீட்டம்மா யாரு? கொஞ்சம் உள்ள வாங்க. முழுங்குங்க முழுங்குங்கன்னு தொண்டை கிழியச் சொல்றேன், மூணு தடவை துப்பிட்டார்."

உள்ளே நாக்குக்காரர் சாய்ந்து படுத்திருந்தார். மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்று இறங்கியிருந்தது. கன்னத்தில் பிளாஸ்திரி. அங்கி மேல் மூன்று ஈரத் திட்டு. தையல்காரியின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. மூன்று ஜோடி.

"வேணும்னு செய்யலை" என்றார் மூக்கால். "வாய்க்குள்ள வந்தா தானாச் சுத்துது. சுத்தினா தானா வெளிய வருது."

"இது டீ இல்லைங்க."

"தெரியுது. கேன் தண்ணி. மூணு நாளாத் திறந்து வெச்சது."

குழாயம்மா தன்னையறியாமல் மூலையிலிருந்த கேனைத் திரும்பிப் பார்த்தாள். "முந்தாநாள் வந்தது."

"மூணு நாள்" என்றார் அவர்.

தையல்காரி பக்கத்தில் போய் நின்றாள். ரெண்டு மாசமாக அவரை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. கழுத்துக்குக் கீழே எலும்பு ரெண்டும் துணி மாட்டுகிற கொக்கி போல நீட்டிக்கொண்டிருந்தன. ஊசியில்லாத சிரிஞ்சில் குழாயம்மா அவர் வாய்க்குள் தண்ணீர் விட்டாள். அவர் கன்னம் சுழலத் தொடங்கியது. தையல்காரி உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே கொடுத்து வாயை மூடினாள்.

"இதுக்கு விலை ஏற்கெனவே கட்டியாச்சு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். முழுங்குங்க."

தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"ஒண்ணு" என்றாள் குழாயம்மா.

சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. நல்ல உணவுக்குழாய் விழுங்கினால் கம்ப்யூட்டரில் எப்படித் தெரியும் என்பதற்கு மாதிரி. நீலத் துணி போன்ற பரப்பில் மேலிருந்து கீழாகச் சிவப்புப் பட்டை ஒன்று சாய்வாக இறங்கியது. கிராஸ் கட். தையல்காரிக்கு அதைப் புரியவைக்க யாரும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மடக்குக்கும் சாய்வுப் பட்டை ஒன்று வரவேண்டும்.

இவர் திரையில் சாய்வு இல்லை. மடக்குக்கு மடக்கு ஒரே நேரத்தில் மேலிருந்து கீழ்வரை நேர்ப்பட்டை எழுந்தது, ஜன்னல் திரைத் துணி மாதிரி. அடியில் மட்டும் ஒரு சிவப்பு வரி, விழுங்கும்போதும் மாறவில்லை, விழுங்காதபோதும் மாறவில்லை. பூட்டிய கடைக்கு முன்னால் விளக்கு எரிவதுபோல் எரிந்துகொண்டே இருந்தது.

"ஏழு." நேர்ப்பட்டை.

"எட்டு." நேர்ப்பட்டை.

அவள் உள்ளங்கை அவர் தாடையை விடவில்லை. பத்தாவது மடக்கில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்துல எத்தனை சரியாப் போச்சு?" என்று அவள் கேட்டாள்.

"டாக்டர் சொல்லுவாங்கம்மா."

"நீங்க பாத்தீங்கல்ல?"

"நீங்களும்தான் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயம்மா பிளாஸ்திரியை உரித்தாள்.

அடுத்தது எக்ஸ்ரே. அவரை நிற்கவைத்து ஒரு தம்ளர் வெள்ளை மருந்து குடிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் கேட்காமலே தையல்காரி பக்கத்தில் நின்றுகொண்டாள். கடைசிச் சொட்டுவரை பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். ஒரு நிமிஷத்தில் ஒரு படம், ரெண்டாவது நிமிஷத்தில் ஒரு படம், ஐந்தாவதில் ஒரு படம்.

மத்தியானம் ரெண்டரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா மேஜைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல தோல். கிட்டத்தட்ட ஒரு மடக்கு. ஆறாவது மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்த குரல் கம்மிப்போயிருந்தது.

"கட்டின வீட்ல தண்ணி இறங்கற பைப்பு மாதிரி நினைச்சுக்காதீங்க" என்று தொடங்கினாள். "உணவுக்குழாய்க்குக் கை இருக்கு. கைமாத்திக் கைமாத்திக் கீழ தள்ளும். கடைசில ஒரு வாசல். நாம முழுங்கினதும் அது திறக்கணும். ஐயாவுக்குத் தள்ளற ஆளும் இல்ல, வாசலும் திறக்கலை. அதுக்கு உத்தரவு குடுக்கற நரம்பு செத்துப்போச்சு."

"எதனால?" என்றாள் மகள்.

"சரியாத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இதுக்குப் பேரு அகலேசியா. வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வரும்."

"அபூர்வ சரக்கு" என்றார் நாக்குக்காரர்.

"வாங்கத்தான் ஆளில்லை" என்றாள் மகள், டாக்டரம்மா சொன்னதை எழுதிக்கொண்டே.

டாக்டரம்மா மூன்று படங்களையும் வெளிச்சத்தில் மாட்டினாள். அகலமாக ஊதிப்போன குழாய் முழுக்க வெள்ளை நின்றது. அடியில் குருவி மூக்கு மாதிரி கூராக முடிந்தது. அஞ்சு நிமிஷம் ஆகியும் வெள்ளை அசையவில்லை. பிறகு மகள் காலையில் கொடுத்திருந்த உறையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்தாள்.

"இது எப்போ எடுத்தது?"

"அப்பா மேஜை டிராயர்ல இருந்தது" என்றாள் மகள். "வேற எக்ஸ்ரே சென்ட்டர். எல்லாத்தையும் கொண்டுவரச் சொன்னீங்களேன்னு அப்படியே அள்ளிட்டு வந்தேன்."

"தேதி ஆறு மாசம் முன்னாடி. ரிப்போர்ட்ல குறிப்பிடும்படி ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்காங்க. ஒண்ணும் தெரியாதுதான். படத்துல மருந்து நாலு ஸ்பூன்கூட இல்ல. மீதி எங்க போச்சு ஐயா?"

நாக்குக்காரர் சுவரைப் பார்த்தார். "பேசின்ல."

"துப்பிட்டீங்களா?"

"பழக்கம். சுண்ணாம்பு வாசனை, பழைய ஸ்டாக்கு வேற. வாய்ல நிக்கலை."

முப்பத்தோரு வருஷத்துத் தொழில் சுத்தம் அவருக்கு ஆறு மாசத்தைத் தின்றுவிட்டது.

தையல்காரிக்குத் துப்பியது பெரிதாகப் படவில்லை. தேதிதான் உறுத்தியது.

"ரெண்டு மாசம்னுதானே சொன்னீங்க?" என்றாள். "ஆறு மாசம் முன்னாடி எதுக்குப் படம் எடுத்தீங்க?"

அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"குழாய் இவ்வளவு அகலமாகணும்னா ரெண்டு மாசத்துல ஆகாது, ஆறு மாசத்துலயும் ஆகாது" என்றாள் டாக்டரம்மா. "ஐயா, நிஜமா எப்போலேர்ந்து? சாப்பிடும்போது நெஞ்சுல நின்னுபோய், நடுவுல எழுந்து போக ஆரம்பிச்சது எப்போ?"

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

"வீட்ல சொல்லலையா?"

"ஏதாவது காரணம் சொல்லிட்டு எழுந்துருவேன்."

தையல்காரி மடியில் இருந்த கைப்பையின் பூட்டைத் திறந்தாள், மூடினாள். அவர் என்ன காரணம் சொன்னார் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் மகள் சொல்லியிருப்பாள்.

வைத்தியத்துக்கு மூன்று வழி இருந்தது. செத்த நரம்பை எழுப்ப முடியாது, வாசலைத் திறந்துவைக்க மட்டும் முடியும். அதன்பிறகு சாப்பாடு தள்ளாமலே தன் பாரத்தில் கீழே விழும் என்றாள் டாக்டரம்மா. காற்றுப்பையை உள்ளே விட்டு ஊதி விரிப்பது ஒன்று, மறுபடி மறுபடி செய்ய வேண்டிவரலாம். வாய் வழியாகவே போய் வாசல் தசையை வெட்டிவிடுவது இன்னொன்று. மூன்றாவது, வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு அதே தசையை வெட்டி, இரைப்பையின் மேல்நுனியை மடித்து மேலே தைப்பது. எதிலும் குழாய் கிழிகிற அபாயம் கொஞ்சம் உண்டு.

"எதுல புளிப்பு மேல வராது?" என்றார் நாக்குக்காரர். அன்றைக்கு அவராக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"வாசலைத் திறந்துவெச்சா எதுலயும் கொஞ்சம் வரும். வாய் வழியா வெட்டினா அதிகம் வரலாம். மடிச்சுத் தெச்சா குறைச்சல்."

"தினம் காலையில வாய் புளிச்சா நான் முதல் கோப்பையிலேயே போயிடுவேன். இப்படியே இருந்தா நாக்காவது மிஞ்சும்."

"இப்படியே இருந்தா நாக்கு மட்டும்தான்பா மிஞ்சும்" என்றாள் மகள். "அதை மட்டும் பார்சல் கட்டி கம்பெனிக்கு அனுப்ப எங்க ஆபீசுல ஆகாது."

தையல்காரி நிமிர்ந்தாள். "மடிப்பு வெச்சுத் தைக்கறதுதான். பிரிச்சுவிட்டு ஓரத்தை அப்படியே விட்டா எந்தத் துணியும் நிக்காது. மடிப்பு வைங்க."

டாக்டரம்மா அவளை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தாள். "என்ன வேலை பாக்கறீங்க?"

"தைக்கறேன்."

"நானும் அந்த மடிப்பைத்தான் சொல்லலாம்னு இருந்தேன்" என்று ஒரு தாளை முன்னால் இழுத்தாள். "நாலு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் பூஜ்யத்துலேர்ந்து மூணு. கூட்டினா நோய் எவ்வளவுன்னு தெரியும். முழுங்கறதுல கஷ்டம்? எப்பவாவதுன்னா ஒண்ணு, தினமும்னா ரெண்டு, ஒவ்வொரு வேளையும்னா மூணு."

"ரெண்டு" என்றார் அவர்.

"மூணு" என்றாள் மகள்.

"மேல எதிர்த்து வர்றது?"

"எப்பவாவது."

"அப்பா, நான் பாத்தேன்."

"சரி, மூணு போடுங்க."

"நெஞ்சு வலி?"

"ஒண்ணு" என்று அவரும் மகளும் சேர்ந்தே சொன்னார்கள்.

"எடை? அஞ்சு கிலோவுக்குள்ள குறைஞ்சா ஒண்ணு, பத்துக்குள்ள ரெண்டு, அதுக்கு மேல மூணு. இன்னிக்கு அம்பத்தொண்ணு இருக்கீங்க. முன்னாடி?"

"அம்பத்தஞ்சு" என்றார்.

"அறுபத்துமூணு" என்றாள் தையல்காரி.

"உனக்கெப்படித் தெரியும்?"

"கம்பெனியில வருஷா வருஷம் குடுக்கற மருத்துவச் சீட்டை யாரு பத்திரப்படுத்தறா? அது வேண்டாம், உங்க பேண்ட்டைக் கேளுங்க. முப்பத்தாறு இடுப்பு. இப்போ முப்பத்தொண்ணரை. நாலு தடவை பிடிச்சிருக்கேன். முத வருஷம் ஒரு இஞ்ச். ரெண்டாவது வருஷம் ஒரு இஞ்ச். இந்த ரெண்டு மாசத்துல மட்டும் ரெண்டு தடவை. ரெண்டரை இஞ்ச்."

டாக்டரம்மா மூன்று என்று எழுதினாள். கூட்டினாள். பன்னிரண்டுக்குப் பத்து. அதற்கப்புறம் பேனாவை மூடவில்லை. தாளின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இந்தக் கடைசி ரெண்டரை இஞ்ச் நிச்சயமா?"

"டேப் பொய் சொல்லாதுங்க."

"சரி, நேராச் சொல்லிடறேன். ரொம்ப அபூர்வமா, வாசலுக்கு வெளிப்பக்கம் ஒரு கட்டி வளர்ந்து அழுத்தினாலும் எல்லாப் படமும் இதே மாதிரிதான் வரும். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தாலும் சுத்தமாத் தெரியும். வயசானவங்க, கொஞ்ச நாள்ல நிறைய எடை குறைஞ்சவங்கன்னா அதைப் பார்க்காம நாங்க கத்தி வைக்கறதில்ல. ரெண்டு வருஷமா இருக்குங்கறது நல்ல செய்தி. ரெண்டு மாசத்துல ரெண்டரை இஞ்ச்தான் எனக்குப் பிடிக்கலை."

"கட்டின்னா..." என்று மகள் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"இருக்கும்னு சொல்லலை. இல்லைன்னு பார்த்துக்கணும். இன்னிக்கே சி.டி. ஸ்கேன் எடுத்துடுங்க. போன வாரம் எடுத்த துணுக்குக்கும் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வந்துடும்."

 தையல்காரி வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வந்தது.

"இந்த ரெண்டு மாசமா நான் சமைக்கலைங்க."

"என்னம்மா?"

"அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குழைச்சு, மசிச்சு, வடிகட்டித்தான் குடுப்பேன். ரெண்டு மாசமா இவர் கடை ரொட்டி. அதனாலயும் குறையும்ல?"

"கண்டிப்பாக் குறையும். அந்த மசிச்ச சாப்பாட்டாலதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கார்."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா?"

"அந்த ரெண்டரை இஞ்ச்ல, அதனால எவ்வளவு?"

டாக்டரம்மா காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். "அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா."

ஸ்கேனுக்கு நாலரை மணி டோக்கன். மகள் கவுண்டரில் வரிசையில் நின்றாள். புருஷனும் பெண்டாட்டியும் படிக்கட்டுப் பக்கம் இருந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நடுவில் இன்னொரு ஆள் உட்காரலாம். யாரோ ஒருவர் வந்து உட்காரப் பார்த்து, ரெண்டு முகத்தையும் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

"உப்பு கூடவா இருந்தது?" என்றாள்.

"இல்ல."

"ஒரு நாளும்?"

அவர் யோசித்தார். நாக்கு விஷயத்தில் அவரால் பொத்தாம்பொதுவாகப் பேச முடியாது. "ஒரு தடவை. உன் அக்கா வந்திருந்தப்போ. அன்னிக்கு நிஜமாவே கூட."

"அன்னிக்கு அவதான் சமைச்சா."

"நினைச்சேன்."

கீழே எங்கேயோ சக்கரக் கட்டில் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று.

"அந்த உப்பே போடாத அன்னிக்கு?"

"உப்பில்லைன்னு முத வாயிலேயே தெரிஞ்சுது. ரெண்டாவது வாய் நெஞ்சுல நின்னுடுச்சு. எழுந்தாகணும். வாய்ல பழகின சொல்லு அதுதான் வந்துது."

"வேற சொல்லு கிடைக்கலையா உங்களுக்கு? புளிப்புன்னு சொல்லியிருக்கலாம். பசியில்லைன்னு சொல்லியிருக்கலாம்."

"பசிச்சுதே" என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபப்படுவதற்கும் ஒரு முதல் வேண்டும். அன்றைக்குக் கைவசம் இல்லை.

"முழுங்க முடியலைன்னு வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா டாக்டர். டாக்டர்னா ஏதாவது ஒரு பேரு. எங்கப்பாவுக்குப் பேரு சொன்னாங்க, மூணு மாசத்துல போயிட்டார். என் தொழிலுக்கு முழுங்கவே வேண்டியதில்ல, துப்பினாப் போதும். அதான் தள்ளிப்போட்டேன்."

"என்னையும் சேர்த்துத் தள்ளிட்டீங்க."

 அவர் கை பெஞ்சின் காலி இடத்தில் வந்து விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, நகர்த்தவும் இல்லை.

"அந்தத் தண்ணிச் சோறு" என்றார். "உப்பைக் குறைச்சு வடிகட்டிக் குடுப்பியே. அது இறங்கும். ரெண்டு சொம்பு வெந்நீரைக் குடிச்சுட்டு ஜன்னல்கிட்ட நிமிர்ந்து நின்னா பாதியாவது இறங்கும். நீ நிறுத்தினப்புறம்தான் தெரிஞ்சுது."

"கேட்டிருக்கலாம்."

"எந்த முகத்தோட?"

மகள் ரசீதோடு வந்தாள். பெஞ்சையும் நடுவிலிருந்த கையையும் பார்த்தாள். "டோக்கன் கூப்பிட்டாச்சு. பேண்ட்டைக் கழட்டணுமாம்பா. கொக்கி, ஜிப்பு எதுவும் ஆகாதாம். இன்னிக்கு இது ரெண்டாவது தடவை. நாளைக்கு வரும்போது வேட்டியோடவே வந்துடுங்க."

அவர் உள்ளே போனார். பேண்ட் மறுபடியும் தையல்காரியின் மடிக்கு வந்தது.

இன்னும் சூடு இருந்தது. அவள் பின்னிடுப்பை உள்பக்கமாகத் திருப்பினாள். அவள் ஒவ்வொரு தடவை பிடித்தபோதும் அதிகத் துணியை வெட்டவில்லை. வாடிக்கையாளருக்கு வெட்டிவிடுவாள், இவருக்கு மட்டும் உள்ளேயே விட்டுவைத்தாள். திரும்ப உடம்பு வைத்தால் பிரித்துவிட வேண்டுமே. நாலு வரித் தையல் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஓடியது. மெஷினில் அன்றன்றைக்கு என்ன நூல் இருந்ததோ அந்த நூல். வெள்ளை, கறுப்பு, பழுப்பு, நீலம்.

கைப்பையிலிருந்து சாக்குக்கட்டியையும் டேப்பையும் எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கணக்குப் பாக்கறேன்."

வெள்ளை வரி, ஒரு இஞ்ச். கறுப்பு வரி, ஒரு இஞ்ச். இந்த ரெண்டும் அவர் பொய்க்கு. சாக்குக்கட்டியால் பக்கத்தில் 'அவர்' என்று எழுதினாள். பழுப்பு வரி ஒரு இஞ்ச், அது அவள் கவிழ்த்து வைத்த தட்டுக்கு. 'நான்' என்று எழுதினாள். நீல வரிக்கு வந்து கொஞ்சம் யோசித்தாள். ரெண்டு மாசப் பட்டினி ரெண்டு இஞ்ச் தின்னாதா? தாராளமாகத் தின்னும். கடை ரொட்டியையும், அதையும் தொட்டியில் துப்பியதையும் சேர்த்தால் தின்னும். அதிலும் ஒரு இஞ்ச் தன் பேரில் எழுதிக்கொண்டாள்.

ஊரில் பழியை இன்னொருத்தர் தலையில் கட்டத்தான் எல்லோரும் பேரம் பேசுவார்கள். அவள் அன்றைக்குத் தன் தலையில் கட்டிக்கொள்ளப் பேரம் பேசினாள். அத்தனை இஞ்சும் அவர் பொய், அவள் கோபம் என்று ரெண்டு பேருக்குள் பங்கு பிரிந்துவிட்டால் மூன்றாவது ஆளுக்கு, அந்த வெளிப்பக்கத்துக் கட்டிக்கு, உள்ளே இடமிருக்காது.

அவர் ரெண்டு, அவள் ரெண்டு. மொத்தம் நாலு.

நீல வரியை மறுபடி அளந்தாள். ஒன்றரை. துணியைக் கொஞ்சம் சுருக்கிப் பிடித்து, டேப்பைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளந்தாள். கடை போட்ட நாளிலிருந்து அளவில் யாரையும் ஏமாற்றியதில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள். டேப் ஒன்றரையில்தான் நின்றது.

ஸ்கேன் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. உள்ளே மெஷின் உறுமியது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். காலையிலிருந்து முதல் தடவை.

"சரியா வந்துதா?" என்றாள்.

தையல்காரி சாக்குக்கட்டியை அந்த அரை இஞ்சின் மேல் வைத்தாள். அவர் பேரை இன்னொரு தடவை எழுதலாமா, தன் பேரையே எழுதலாமா என்று பார்த்தாள். கை ஓடவில்லை. இடத்தைக் காலியாக விட்டு, பேண்ட்டை மடித்து, இஸ்திரி போட்டதுபோல் மடியில் வைத்து, ரெண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு வந்துடுச்சு" என்றாள். "அரை இஞ்ச் பாக்கி."